வண்டியை மெஷினில் ஏற்றும் முன்

அலைன்மெண்ட் கடைக்குப் புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு முதல் வாரத்திலேயே மெஷினைக் கற்றுக் கொடுத்துவிடுகிறார்கள். நாலு வீலிலும் கிளாம்பை மாட்டு, வண்டியைப் பின்னுக்குத் தள்ளி முன்னுக்கு உருட்டு, திரையில் சிவப்பு பச்சையாகும் வரை டை ராடைத் திருகு, பிரிண்ட் எடு, காசை வாங்கு. அரைமணி நேர வேலை. அப்படி அனுப்பிய வண்டிகளில் பல, "இன்னும் நிக்கலைங்களே" என்று மறுநாளே வாசலில் வந்து நிற்கும். மெஷின் கோணத்தை அளக்கும். கோணம் ஏன் கெட்டது என்று அதற்குத் தெரியாது. பல நேரம் கோணம் கெட்டிருக்கவே இருக்காது, கோளாறு வேறெங்கோ கிடக்கும். அதைக் கண்டுபிடிப்பது உன் வேலை தம்பி. கோவைப் பக்கம் நாம் தினமும் பார்க்கும் சின்னக் கார்களை மனதில் வைத்து இதைச் சொல்கிறேன்: முன்னால் ஸ்ட்ரட், பின்னால் ஒரே பீம், ரேக் ஸ்டியரிங்.

1. "அலைன்மெண்ட் பார்க்கணும்" என்று கஸ்டமர் சொன்னதை ஜாப் கார்டில் அப்படியே எழுதாதே. அது அவராக எடுத்த முடிவு. வண்டி என்ன செய்கிறது என்று கேள். எப்போதிலிருந்து? அதற்குச் சற்று முன் வண்டிக்கு என்ன நடந்தது? புது டயர் போட்டாரா, பள்ளத்தில் இறக்கினாரா, கிளட்ச் வேலை பார்த்தாரா? எந்த வேகத்தில் தெரிகிறது? பிரேக் மிதித்தால் கூடுகிறதா? தனியாகப் போகும்போதா, குடும்பத்தோடு போகும்போதா? கிளட்சுக்கும் இழுப்புக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிக்காதே, பின்னால் வருகிறது. கேட்டு முடித்ததும் அவரையே ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று போய் வா. "இதோ, இதுதாங்க" என்று அவர் சொல்லும் அந்த நொடியில்தான் அவர் குறை உனக்குப் புரியும்.

2. நாலு குறைகளை ஒன்றோடொன்று குழப்பாதே. கையை லேசாக விட்டால் வண்டி ஒரு பக்கமாகப் போவது இழுப்பு. வண்டி நேராகப் போகிறது, ஸ்டியரிங் மட்டும் சாய்ந்து நிற்கிறது என்றால் அது கோணல். நேர் ரோட்டிலும் இடமும் வலமுமாகத் திருத்திக்கொண்டே ஓட்ட வேண்டியிருந்தால் அலைச்சல். ஸ்டியரிங் கையில் நடுங்கினால் வாப்ளிங். கஸ்டமர் நாலுக்கும் "இழுக்குதுங்க" என்றுதான் சொல்வார், பிரித்துப் பார்க்க வேண்டியவன் நீ. இழுப்புக்கு டயர், பிரேக், கேம்பர், காஸ்டர். கோணலுக்கு டோ இடவலமாகச் சமமில்லாமல் இருப்பது, அல்லது பின் பீம் திரும்பியிருப்பது. அலைச்சலுக்கு எங்கோ ஒரு ப்ளே, இல்லையென்றால் டோ அவுட். வாப்ளிங்குக்கு பேலன்சிங், ரிம், டயர்.

3. காற்று. டயர் ஆறியிருக்கும்போது, டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் சொல்லும் அளவுக்கு. டயரின் பக்கச் சுவரில் அச்சாகியிருப்பது அதிகபட்ச அளவு, அதைப் பார்த்து அடிக்காதே. முன்சக்கரம் ஒன்றில் மட்டும் காற்று நன்றாக இறங்கியிருந்தால் வண்டி அந்தப் பக்கம் போகும். அதற்கு அலைன்மெண்ட் பில் போடுகிறவனை நான் தொழில்காரன் என்று சொல்ல மாட்டேன்.

4. டயரைக் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது, உள்ளங்கையால் தடவிப் பார். நடுப் பட்டன் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்தால் குறைவு, இது எல்லோருக்கும் தெரியும். ஒரு ஓரம் மட்டும் மொட்டையானால் கேம்பர் என்று பாடத்தில் படித்திருப்பாய். டோ ரொம்பக் கெட்டாலும் அதே மாதிரிதான் ஓரம் தேயும் என்பதால், இங்கேதான் கை வேண்டும். டயரின் குறுக்கே கையை வெளியிலிருந்து உள்ளே இழு. பிறகு உள்ளேயிருந்து வெளியே இழு. மீன் செதிலைத் தடவுவது போல ஒரு பக்கம் வழுக்கி மறுபக்கம் குத்தினால் அது டோவின் வேலை. உள்நோக்கி இழுக்கும்போது வழுக்கி, வெளிநோக்கி இழுக்கும்போது குத்தினால் டோ இன் அதிகம். அது மாறியிருந்தால் டோ அவுட். எப்படித் தடவினாலும் வழுவழுப்பாக இருந்து ஓரம் மட்டும் மொட்டை என்றால் கேம்பர் பக்கம் யோசி. டயரைச் சுற்றி மேடும் பள்ளமுமாக இருந்தால் அப்சார்பர் போய்விட்டது, அல்லது பேலன்சிங் பார்த்து நெடுநாளாகிறது.

இதில் ஒன்றை மறக்காதே. ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துவிட்டு டயரின் உள் ஓரத்தைப் பார். வெளியில் பட்டன் நன்றாக இருக்கும், உள்ளே கம்பி தெரியும். அப்படிப்பட்ட டயரோடு ஹைவேயில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. கம்பி கையைக் கிழிக்கும், மெதுவாகத் தடவு. பக்கச் சுவரில் டாட் எண்ணின் கடைசி நாலு இலக்கத்தையும் படி. 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர்.

5. டோ கொஞ்சம்தானே கெட்டிருக்கிறது என்று விடாதே, கணக்குப் போட்டுப் பார். ஒரு சக்கரம் கால் டிகிரி திரும்பியிருக்கிறது என்று வை. மெஷினில் அது 15 நிமிடம், 14 இன்ச் ரிம்மில் ஒன்றரை மில்லிமீட்டர், கண்ணுக்குத் தெரியாது. அந்தச் சக்கரம் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நாலு மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டு போகிறது. 10,000 கிலோமீட்டர் ஓடினால் ஏறத்தாழ 44 கிலோமீட்டர் தூரத்துக்கு டயரைக் குறுக்கே இழுத்திருக்கிறோம். டயர் கம்பெனியைத் திட்டுகிற கஸ்டமரிடம் இந்தக் கணக்கைச் சொல், கேட்டுக்கொள்வார்.

6. முன் டோ கெட்டால் வண்டி இழுக்காது. இது மண்டையில் ஏறாதவரை நீ திருகிக்கொண்டே இருப்பாய், வண்டி திரும்பி வந்துகொண்டே இருக்கும். இரண்டு முன்சக்கரமும் ரேக்கால் கட்டப்பட்டவை. ஓடும்போது கெட்ட டோவை இரண்டும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்ளும். டயர் தேயும், ஸ்டியரிங் கோணலாகும், வண்டி அலையும். ஒரு பக்கமாக இழுப்பதற்குக் காரணத்தை வேறு இடத்தில் தேடு.

முதலில் ரோடு. மழைத்தண்ணீர் வடிய வேண்டும் என்று நடுவை உயர்த்தி ஓரத்தைத் தாழ்த்தித்தான் ரோடு போடுகிறார்கள். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள், ஆகவே குறையே இல்லாத வண்டியும் கையை விட்டால் மெதுவாக இடப்பக்கம் ஒதுங்கும். ஞாயிற்றுக்கிழமை சிட்கோ தொழிற்பேட்டை ரோடு மாதிரி, எதிரே வண்டி வராது என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில், இடப்பாதியில் ஒரு முறையும் வலப்பாதியில் ஒரு முறையும் ஓட்டிப் பார். இரண்டிலும் ஒரே பக்கம் போனால்தான் அது வண்டியின் குறை.

அடுத்து டயர். உள்ளே பெல்ட் சற்று ஒதுங்கிப் பிறந்த டயர் புதிதாக இருந்தாலும் ஒரு பக்கம் இழுக்கும். முன்சக்கரங்களை இடவலமாக மாற்றிப் போட்டு ஓட்டு. இழுப்பும் பக்கம் மாறினாலோ நின்றுவிட்டாலோ குற்றவாளி டயர்தான், வண்டியை மெஷினில் ஏற்றவே வேண்டாம். அம்புக்குறி போட்ட டயர் என்றால் அந்தந்தப் பக்கத்திலேயே முன்னதைப் பின்னுக்கு மாற்றிப் பார். இரண்டும் தப்பித்த பிறகுதான் கேம்பரும் காஸ்டரும். கேம்பர் எந்தப் பக்கம் பிளஸ்ஸில் அதிகமோ அந்தப் பக்கம் இழுக்கும். காஸ்டர் எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கம் இழுக்கும்.

7. பிரேக் மிதிக்கும்போது மட்டும் இழுத்தால் அது பிரேக் வேலை, அலைன்மெண்ட் கடையில் தீராது. மிதிக்காதபோதும் இழுத்தால் காலிப்பர் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதிகம் பிரேக் பிடிக்காமல் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து ரிம் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோ, தொடாதே. ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் விஷயம் அங்கே இருக்கிறது.

8. நடுக்கத்துக்கு வேகம்தான் துப்பு. 80-க்கு மேல் ஆரம்பித்து, இன்னும் வேகம் ஏறினால் குறைந்துவிடுகிறது என்றால் பெரும்பாலும் பேலன்சிங். கையில் தெரிந்தால் முன்வீல், சீட்டில் தெரிந்தால் பின்வீல். 30, 40-லேயே வண்டி தலையாட்டினால் ரிம் வளைந்திருக்கும், அல்லது டயர் உள்ளே பிரிந்து வீங்கியிருக்கும். ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிவிட்டு, ஒரு ஸ்க்ரூ டிரைவரை டயருக்குப் பக்கத்தில் அசையாமல் நிறுத்திப் பிடித்தால் ஆட்டம் தெரிந்துவிடும். பிரேக்கில் மட்டும் நடுங்கினால் டிஸ்க். ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிரைவ் ஷாப்டின் உள் ஜாயிண்ட்டையும் என்ஜின் மவுண்டிங்கையும் பார். சேறு அப்பிய ரிம்முக்கு பேலன்சிங் பார்க்காதே. மழைக்காலத்தில் மண்ரோட்டிலிருந்து வரும் வண்டிகளுக்கு ரிம்மின் உட்பக்கத்தைக் கழுவிவிட்டதும் நடுக்கம் நின்றுபோவது உண்டு.

9. ப்ளே இருக்கும் வண்டிக்கு அலைன்மெண்ட் பார்ப்பது காசைத் தண்ணீரில் போடுவது. பச்சையாக்கி அனுப்புவாய், அடுத்த வேகத்தடையில் சிவப்பாகிவிடும். ஆகவே இந்தச் சோதனையை எந்த வண்டிக்கும் விடாதே.

முதலில் வண்டி தரையில் நிற்கும்போது. ஸ்டியரிங்கை மெதுவாக இருபக்கமும் ஆட்டு, சக்கரம் அசையாமல் விளிம்பு மட்டும் எவ்வளவு நகர்கிறது என்று பார். பல வண்டிகளின் மேனுவலில் 30 மில்லிமீட்டர்தான் எல்லை. பிறகு குழியில் இறங்கு. ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகுதான் இறங்க வேண்டும். என்ஜினை ஓடவிட்டு, ஒருவன் மேலே உட்கார்ந்து ஸ்டியரிங்கைச் சின்னச் சின்னதாக இடவலம் ஆட்டட்டும். நீ ஒவ்வொரு ஜாயிண்ட்டின் மேலும் விரலை வை. டை ராடு எண்ட், பூட்டுக்கு மேலிருந்தே ரேக் எண்ட், ரேக்கைப் பிடித்திருக்கும் ரப்பர் மவுண்ட். கண்ணுக்குத் தெரியாத ப்ளே விரலுக்கு 'டிக்' என்று தெரியும்.

அதன்பின் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்ட் கொடு. கடிகாரத்தின் 3, 9 இடத்தில் பிடித்து ஆட்டினால் டை ராடு, ரேக் எண்ட். 12, 6 இடத்தில் பிடித்து ஆட்டினால் பால் ஜாயிண்ட், பேரிங். இந்த இரண்டில் எது என்று தெரியவில்லையா? ஒருவனை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல். ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட். கடைசியாக லோயர் ஆர்ம் புஷ்ஷுக்குள் லிவரைக் கொடுத்து நெம்பிப் பார். ரப்பரில் மேலோட்டமான வெடிப்புக்கெல்லாம் ஆர்மை மாற்றச் சொல்லாதே. ரப்பர் இரும்பிலிருந்து பிரிந்து நகர்ந்தால் மாற்று.

10. சத்தம். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது 'டொய்ங்' என்று ஸ்பிரிங் துள்ளினால் ஸ்ட்ரட் மவுண்டின் பேரிங் இறுகியிருக்கிறது. ஸ்பிரிங் மேல் லேசாக விரலை வைத்திருந்தால் அது துள்ளுவது தெரியும். முழுசாக ஒடித்து மெதுவாக ஓட்டும்போது 'டக் டக்' என்றால் டிரைவ் ஷாப்டின் வெளி ஜாயிண்ட். சின்னச் சின்ன மேடுபள்ளத்தில் 'கடகட' என்றால் முதலில் ஸ்டெபிலைசர் லிங்க்கைப் பார், மலிவான பார்ட், அடிக்கடி போவதும் அதுதான். வேகத்தோடு கூடும் 'ஊம்' சத்தம் பேரிங். வலப்பக்கம் வளையும்போது கூடினால் இடப்பக்கப் பேரிங், பாரம் அந்தப் பக்கம் சாய்வதால்.

11. திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராவிட்டால் உடனே காஸ்டரைச் சந்தேகப்படாதே. இறுகிப்போன பால் ஜாயிண்ட், துருவேறிய ஸ்டியரிங் காலம் ஜாயிண்ட், மேலே சொன்ன ஸ்ட்ரட் பேரிங், இவைதான் பெரும்பாலும் காரணம். பழைய ஆயில் பவர் ஸ்டியரிங் என்றால் ஆயிலையும் பெல்ட்டையும் பார்.

12. இவ்வளவும் பார்த்த பிறகுதான் மெஷின். டிக்கியைத் திற. அரிசி மூட்டை இருந்தால் இறக்கு. சி.என்.ஜி. சிலிண்டர் இருந்தால் விட்டுவிடு, அது வண்டியோடே எப்போதும் போவது. டர்ன் டேபிள் தட்டுகளைக் கையால் நகர்த்திப் பார், மண் சேர்ந்து இறுகியிருந்தால் உன் ரீடிங் முழுக்கப் பொய். தட்டைப் பூட்டியிருக்கும் பின்னைக் கழற்ற மறந்தாலும் அதே கதைதான். ஜாக்கியிலிருந்து இறக்கிய வண்டியை முன்னும் பின்னும் அமுக்கிக் குலுக்கிவிடு, சக்கரங்கள் தம் இடத்தில் உட்காரட்டும். உருட்டிக் காட்டும் வேலையை அவசரமாகச் செய்யாதே, ரிம்மில் உள்ள நெளிவைக் கழிப்பதற்குத்தான் அது. காஸ்டர் பார்க்கும்போது பிரேக் லாக் போட்டிருக்க வேண்டும்.

13. முன் டோவை மட்டும் பார்த்துத் திருகாமல் பிரிண்டை முழுசாகப் படி. இந்தச் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றில் திருகித் திருத்த முடிவது முன் டோ ஒன்றுதான், ஆனால் மற்ற எண்கள்தான் வண்டியின் கதையைச் சொல்கின்றன. ஒரு பக்கம் கேம்பர் எவ்வளவு மைனஸில் போயிருக்கிறதோ, மறுபக்கம் ஏறத்தாழ அவ்வளவே பிளஸ்ஸில் போயிருந்தால் கிராஸ் மெம்பர் ஒரு பக்கம் நகர்ந்திருக்கிறது. சில வண்டிகளில் கிளட்ச் மாற்ற அதை இறக்க வேண்டும், திரும்ப ஏற்றும்போது போல்ட் ஓட்டையில் உள்ள இடைவெளி அளவுக்கு நகர்த்தி முடுக்கிவிடுவார்கள். கிளட்ச் கேள்வியை அதற்காகத்தான் கேட்கச் சொன்னேன். போல்ட்டைத் தளர்த்தி நேராக வைத்து முடுக்கினால் தீர்ந்தது.

ஒரு பக்கம் மட்டும் கேம்பர் கெட்டிருந்தால் கிங் பின் சாய்வு எண்ணையும் சேர்த்துப் பார். அதையும் கேம்பரையும் கூட்டிய தொகை இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் ஸ்ட்ரட்டும் நக்கிளும் நல்லவை, அவை உட்காரும் இடம் நகர்ந்திருக்கிறது. தொகையே மாறினால் ஸ்ட்ரட்டோ நக்கிளோ வளைந்துவிட்டது, மாற்ற வேண்டியதுதான். பின் பீம் திரும்பியிருந்தால் த்ரஸ்ட் ஆங்கிள் என்ற எண் காட்டிக்கொடுக்கும். ஹைவேயில் சில பழைய வண்டிகள் உடம்பைக் கோணலாக வைத்துக்கொண்டு நேராக ஓடுவதைப் பார்த்திருப்பாயே, அதுதான் இது. அடிபட்ட வண்டியா என்று அப்போது கேள்.

வளைவில் டயர் கிறீச்சிட்டு, நேராகப் பார்த்தால் டோ சரியாக இருந்தால், டர்ன் டேபிளில் இடப்பக்கம் ஒடித்து ஒரு முறையும் வலப்பக்கம் ஒடித்து ஒரு முறையும் பார். உள் சக்கரம் 20 டிகிரி திரும்பும்போது வெளிச் சக்கரம் அதைவிடச் சற்றுக் குறைவாகத் திரும்ப வேண்டும், இரண்டு பக்கமும் அந்தக் குறைவு ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றாக இல்லையென்றால் ஸ்டியரிங் ஆர்ம் வளைந்திருக்கிறது, அல்லது ரேக் நடுவில் இல்லை. உள் சக்கரம் கூடுதலாகத் திரும்பும் இந்த ஏற்பாடு குதிரை வண்டிக் காலத்தது. மியூனிக்கில் வண்டி கட்டிய லாங்கன்ஸ்பெர்கர் கண்டுபிடித்தது, லண்டனில் 1818-இல் காப்புரிமை வாங்கியவர் அக்கர்மன். பெயர் வாங்கினவருக்குப் போயிற்று.

14. டை ராடைத் திருகும் முன் மரையை வயர் பிரஷ்ஷால் தேய்த்து எண்ணெய் விடு. ரேக் பூட்டின் வெளிக் கிளிப்பைத் தளர்த்து. தளர்த்தாமல் ராடைத் திருகினால் பூட் முறுக்கிக்கொண்டு கிழியும், தண்ணீர் உள்ளே போகும், அடுத்த மழைக்காலத்துக்குள் ரேக் போகும். 50 ரூபாய்க் கிளிப்பைத் தொடச் சோம்பல்பட்டு ரேக்குக்குச் செலவு வைக்காதே. லாக் நட்டை இளக்கும்போது டை ராடு எண்டை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள். ஸ்டியரிங் நேராக லாக் ஆகியிருக்க, இரண்டு பக்கமும் தனித்தனியாகத் திருத்து. ஒரு பக்கத்தில் மட்டும் திருகி மொத்த டோவைச் சரிக்கட்டினால் பேப்பர் பச்சை, ஸ்டியரிங் கோணல். முடித்ததும் இரு பக்கமும் வெளியே தெரியும் மரை ஏறக்குறைய ஒரே நீளம் இருக்கிறதா என்று பார். லாக் நட்டை முடுக்கிய பிறகு திரையை மறுபடியும் பார். முடுக்கும்போது ரீடிங் ஓடிவிடும், முடுக்கும் முன் இருந்த எண்ணைப் பிரிண்ட் எடுக்காதே.

15. கோணலாக நிற்கும் ஸ்டியரிங்கைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டாதே. ஏர்பேக் இருக்கிறது, அதன் அடியில் சுருள் வயர் இருக்கிறது. திருத்தும் இடம் டை ராடுதான். இ.எஸ்.பி. உள்ள வண்டி என்றால் வேலை முடிந்ததும் ஸ்கேனர் போட்டு ஸ்டியரிங் சென்சாருக்கு நேர் நிலையைச் சொல்லிக் கொடு.

16. லோயர் ஆர்ம் மாற்றினால், புஷ் போல்ட்டைக் கடைசி முடுக்கு முடுக்குவது வண்டி தன் பாரத்தில் தரையில் நிற்கும்போது. தொங்கும்போது முடுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகியே இருக்கும், சீக்கிரம் கிழியும்.

17. வீல் நட்டை எதிரெதிராக, டார்க் ரென்ச்சில் முடுக்கு. பிறகு நீயே ஓட்டிப் பார்.

18. ஒன்றும் செய்ய வேண்டாத வண்டிகளும் வரும். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வரும் வால்பாறை டாக்சிக்காரர்கள் முன் டயரின் வெளி ஓரம் போய்விட்டது என்று கேம்பரைக் குறைக்கச் சொல்வார்கள். ஆழியாறிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் வண்டி சாய்ந்து, வெளி டயரின் ஓரத்தில்தான் பாரம் நிற்கிறது. கையால் தடவிப் பார், செதில் குத்தாது. ஏற்றிப் பார்த்தால் எல்லாம் பச்சையாக இருக்கும். டோவைத் தொடாதே. காற்று ஸ்டிக்கர் அளவுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளச் சொல், 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயரை முன்பின் மாற்றிப் போடச் சொல். "அப்ப ஏதும் பண்ணலையாங்க?" என்று கேட்பார். பேப்பரைக் கையில் கொடுத்து, செக்கிங்குக்கு மட்டும் காசு வாங்கு.